காற்று செய்த குற்றம்

தீபாவளி ராத்திரி. தூத்துக்குடியில் ஏதோ ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பையன்கள். ஒரே வயசு, ஒரே கடையில் வாங்கிய ஒரே பாக்கெட் ராக்கெட். காலி சோடா பாட்டிலைத் தரையில் வைத்து, குச்சியைச் செருகி, ஊதுபத்தியால் திரியைக் கொளுத்துகிறார்கள். முதல் பையனுடைய ராக்கெட் சீறிக்கொண்டு மேலே போய், வானத்தில் நாலு பூவை விரித்துவிட்டு அணைகிறது. குச்சி எங்கோ காலி மனையில் விழுகிறது. 'சூப்பர்லே!' என்று தெருவே கை தட்டுகிறது.

இரண்டாவது பையனும் அதே பாட்டிலில்தான் வைத்தான். அதே கோணம். கிளம்புகிற நேரம் பார்த்து வாடைக் காற்று ஒரு தள்ளு தள்ள, ராக்கெட் சாய்ந்து போய் அடுத்த தெருவில் ஓர் ஓலைக் கொட்டகை மேல் உட்கார்ந்துவிடுகிறது. கால் மணி நேரத்தில் கொட்டகை சாம்பல். நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. ஒரு தையல் மிஷினும் தைக்கக் கொடுத்த துணிகளும் போச்சு.

பையனின் காதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். அவன் அழுதுகொண்டே சொல்கிறான்: "அண்ணாச்சி, நான் நேராத்தான் வச்சேன். காத்து இழுத்துட்டுப் போயிட்டு."

அவன் சொல்வது பொய் இல்லை. கை தட்டல் வாங்கியவனும் அப்படியேதான் வைத்தான். இரண்டு பேர் செய்ததிலும் நூலளவு வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் காற்றில்தான். அப்படியானால் ஒருவனுக்கு மட்டும் ஏன் அடி? நீங்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் அடியா, இரண்டு பேருக்கும் மன்னிப்பா, அல்லது தெரு செய்தது சரிதானா?

'இதென்ன ஸார் பெரிய விஷயம், கொட்டகையைக் கொளுத்தினவன்தானே குற்றவாளி' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கேள்வியில் பெரிய பெரிய மூளைகள் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் இம்மானுவேல் கான்ட் 18-ம் நூற்றாண்டிலேயே ஒரு கட்சி கட்டினார். நல்ல எண்ணம் ஒன்றுமே சாதிக்காமல் போனாலும் அதன் மதிப்பு குறையாது என்றார். அதாவது, ஒருவனை அவன் எண்ணத்தை வைத்து எடை போடு. பின்னால் நடந்ததை வைத்து எடை போடாதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்று இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இதில் ஓட்டை போட்டார்கள். பிரேக்கைச் சரிபார்க்காமல் லாரி ஓட்டுகிற ஒரு டிரைவர். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் அவன் கொலைகாரன். ஓடி வராவிட்டால்? சாயங்காலம் வீட்டுக்குப் போய் டீ குடிக்கிறான். குழந்தை ஓடி வருவதும் வராததும் அவன் கையில் இல்லை. ஆனால் அவன் யார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தார்மிக அதிர்ஷ்டம்'. ஊழ் என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு வார்த்தை உண்டு. வள்ளுவர் அறத்துப்பாலை அந்த அதிகாரத்தில்தான் முடித்தார். அறம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ஊழ். அந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

தத்துவப் பேராசிரியர்களை விட்டுவிடுவோம். ராக்கெட் கேள்விக்கு ராக்கெட் விடுகிறவர்களிடமே ஒரு பதில் இருக்கிறது. எனக்குப் பிடித்த பதிலும் அதுதான்.

1957. அந்த வருஷம் அக்டோபர் 4-ம் தேதி ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பிவிட்டான். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்களுக்கெல்லாம் ராக்கெட் பைத்தியம் பிடித்தது. இரும்புக் குழாயில் துத்தநாகப் பொடியையும் கந்தகத்தையும் அடைத்துக் கொளுத்தினார்கள். சிலது பறந்தது, பலது வெடித்தது. விரல் போனவன், கண் போனவன் என்று ஆஸ்பத்திரிகளுக்கு வரிசை. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆர்வில் கார்லைல் என்ற செருப்புக் கடைக்காரர், வாணவேடிக்கையில் பைத்தியம் உள்ளவர், காகிதக் குழாயில் ஒரு குட்டி ராக்கெட் செய்து வைத்திருந்தார். ராணுவ ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவருக்கு அதைத் தபாலில் அனுப்பினார். இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இன்று உலகம் பூராவும் இருக்கிற மாடல் ராக்கெட் பொழுதுபோக்கு.

அவர்கள் போட்ட விதிகள் கொஞ்சம்தான். உடம்பில் உலோகம் கூடாது. காகிதம், மரம், பிளாஸ்டிக் மட்டும். எரிபொருளை நீயே கலக்காதே; தொழிற்சாலையில் செய்த மோட்டாரை வாங்கிப் போடு. தீக்குச்சி கூடாது, தள்ளி நின்று பேட்டரியால் பற்ற வை. அப்புறம் ஒரு விதி. என்னைக் கேட்டால், மற்ற எல்லாமே இதற்குள் அடக்கம். மேலே போவது பத்திரமாகக் கீழே வர ஏற்பாடு இல்லாமல் எதையும் மேலே அனுப்பாதே.

நம் தீபாவளி ராக்கெட்டில் இல்லாதது இதுதான். சிவகாசிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்வது மேலே போய்த் தீர்ந்துபோகிற சரக்கு. கீழே வருவது அந்தப் பாக்கெட்டின் கணக்கிலேயே இல்லை.

ஒரு நடுத்தர சக்தி மாடல் ராக்கெட் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். ஏ, பி, சி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் மோட்டார் தருகிற மொத்த உந்துதலின் (கணத்தாக்கு) வரம்பு இரண்டு மடங்காகும். ஈ, எஃப், ஜி மூன்றும் நடுத்தரம். ஜி மோட்டார் போட்ட ராக்கெட் சில நூறு மீட்டர் உயரம் சாதாரணமாகப் போய்விடும். மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது என்னவோ பரமசாது. ஒரு முழங்கைக்குக் கொஞ்சம் நீளமாக ஒன்றிரண்டு அட்டைக் குழாய்கள், பிளாஸ்டிக் மூக்கு, ப்ளைவுட்டில் வெட்டிய மூன்று நாலு துடுப்புகள், வளையங்கள், ரப்பர் நாடா, நைலான் பாராசூட்.

துடுப்பு ஒட்டுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சின்ன ராக்கெட்டுக்குக் குழாயின் மேலேயே ஒட்டிவிடலாம். இதற்கு அது போதாது. குழாயில் காடி வெட்டி, துடுப்பின் காலை உள்ளே விட்டு, நடுவில் இருக்கும் மோட்டார் குழாய்வரை கொண்டுபோய் எபாக்ஸி பசையால் பிடிக்க வேண்டும். வெளிப்பக்கம் துடுப்பும் குழாயும் சேர்கிற மூலையில் இன்னும் கொஞ்சம் பசை வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த விரலால் வழுவழுவென்று இழுக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்த பிறகுதான் ராக்கெட்டைத் திருப்பி அடுத்த பக்கம். அவசரப்பட்டால் பசை வழிந்து துடுப்பு கோணிக்கொள்ளும். துடுப்பு கோணினால் மேலே அது எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் தேய்ப்பு. அட்டைக் குழாயை உற்றுப் பார்த்தால் சுருள் சுருளாக ஒரு கோடு ஓடும். அதை மரப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, திரும்பத் தேய்த்து, திரும்ப பிரைமர். தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் இதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஈரக் காற்றில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் பளபளப்புக்குப் பதிலாக வெள்ளை பூத்துவிடும். 'பத்து செகண்ட் பறக்கிறதுக்கா பத்து நாள் தேய்க்கிறே?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வழவழப்பான உடம்பு காற்றில் சுலபமாகப் போகும் என்று பதில் சொல்லலாம். பளிச்சென்று பெயின்ட் இருந்தால் புதரில் விழுந்தாலும் தேடி எடுக்கலாம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் தேய்க்கிற கைக்கு வேறு ஒரு விஷயமும் தெரிய வருகிறது. விரிசல் எங்கே, பசை விட்டது எங்கே, துடுப்பு அரை மில்லிமீட்டர் ஏறியிருப்பது எங்கே என்று கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பத்து நாள் தடவிய பொருளில் ஒளிந்திருக்கும் குறை ரொம்பக் குறைவு.

அடுத்தது சமநிலை. ராக்கெட்டை ஒரு நூலில் தொங்கவிட்டு எடை மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்று அழுத்துகிற மையம் அதற்குப் பின்னால், குறைந்தபட்சம் குழாயின் ஒரு விட்டம் அளவாவது தள்ளி இருக்க வேண்டும். அம்பின் நுனியில் இரும்பும் வாலில் இறகும் வைத்தவனுக்கு இந்த சூத்திரம் கணக்கு இல்லாமலே தெரிந்திருந்தது. இறகு பெரிதாகிவிட்டால் வேறு வம்பு. காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்று வருகிற திசைக்கே திரும்பிக்கொள்ளும். ('காத்து இழுத்துட்டுப் போயிட்டு' என்றானே நம் பையன், அவனுடைய ராக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பியிருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.) அதனால் காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ராக்கெட் விடக் கூடாது என்று ஒரு விதி. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் நம் தென்கரையில் பல நாள் இந்தப் பேச்சே எடுக்க முடியாது.

பாராசூட்டை மடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் பவுடர் தூவுவார்கள், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. சூட்டில் கருகாமல் இருக்க அடியில் தீப்பிடிக்காத பஞ்சு. மோட்டார் எரிந்து முடிந்ததும் சில விநாடிகள் புகை மட்டும் விடும். அந்தத் தாமதம் முடியும்போது ஒரு சின்ன மருந்து வெடித்து மூக்கைக் கழற்றி பாராசூட்டை வெளியே தள்ளும். தாமதம் ராக்கெட்டின் எடைக்குப் பொருந்த வேண்டும். ரொம்ப முந்தினாலும் பிந்தினாலும், வேகத்தில் நாடா குழாயையே கிழித்துவிடும். கடைசியாக, பலரும் குழாயின்மேல் பேரும் போன் நம்பரும் எழுதிவைப்பார்கள். எங்கே விழுந்தாலும், இது யாருடையது என்று கண்டெடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

30 அடி தள்ளி நின்று, வானத்தில் விமானம் இல்லை என்று பார்த்து, சத்தமாக ஐந்து எண்ணி, பொத்தானை அழுத்துகிறார்கள். பற்றவில்லை என்றால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும்.

நம் நாட்டில் இது இன்னும் பெரிதாக வளரவில்லை. உடம்பு கிடைத்துவிடும், மோட்டார்தான் சிக்கல். 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. இப்போதுதான் கல்லூரிப் பிள்ளைகளுக்காக, இன்-ஸ்பேஸ் என்ற மத்திய அரசு அமைப்பு போட்டி நடத்த ஆரம்பித்திருக்கிறது. 2025-ல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் பக்கம் மாணவர்களின் ராக்கெட்டுகள் பறந்தன. வரட்டும், நல்லதுதான்.

இந்த விதிகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒவ்வொன்றும் அதிர்ஷ்டத்தின் கழுத்தை நெரிக்கிற விதி. 'காத்து இழுத்துட்டுப் போயிட்டு' என்ற வாக்கியத்துக்கு அந்த மைதானத்தில் இடமே கிடையாது. காற்று எவ்வளவு என்று பார்ப்பது உன் வேலை. அதைவிட முக்கியம், 40 கிலோமீட்டர் காற்றில் ஒருவன் ராக்கெட் விட்டு, அது அழகாகப் போய் அழகாக இறங்கினாலும், பாதுகாப்பு அதிகாரி வந்து அவனைத் திட்டத்தான் செய்வார். நம் தெருவில் கை தட்டல் வாங்கிய முதல் பையனை இவர் விடமாட்டார். வீடுகளுக்கு நடுவில், காற்றைப் பார்க்காமல், பாட்டிலில் வைத்து விட்டாயா? நீயும் வா இங்கே.

குற்றத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இதுதான். இரண்டு பையன்களும் சமம். ஒருவனை அடித்து ஒருவனுக்குக் கை தட்டிய தெரு, தீர்ப்பு சொல்லும் வேலையைக் காற்றிடம் கொடுத்துவிட்டது.

சரி, தீர்ப்பு சொல்லியாயிற்று, எழுந்து போகலாமா? முடியாது. அங்கே ஒரு கொட்டகை எரிந்து கிடக்கிறது. தையல் மிஷின்காரம்மா நிற்கிறார். 'உங்கள் கொட்டகையை எரித்தவனும் எரிக்காதவனும் தார்மிக ரீதியில் சமம் அம்மா' என்று போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இங்கேதான் நாம் இரண்டு கணக்கை ஒரே நோட்டில் எழுதிக் குழப்பிக்கொள்கிறோம். குற்றம் ஒரு கணக்கு. கடன் வேறு கணக்கு. குற்றம், நீ என்ன செய்தாய் என்பதைப் பார்க்கும். கடன், என்ன நடந்தது என்பதைப் பார்க்கும். இரண்டாவது பையனின் அப்பா தையல் மிஷினுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். ஆனால் அது தண்டனை இல்லை. அவர் மகன் அனுப்பிய பொருள் இறங்கிய இடத்துக்கான பாக்கி. பாக்கி கட்டுகிறவனை யாரும் காதைப் பிடித்துத் திருகுவதில்லை.

இந்தப் பிரிவினையைத் தேசங்கள் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1972-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை. ஒரு நாடு விண்ணுக்கு அனுப்பிய பொருள் பூமியில் விழுந்து சேதம் செய்தால், தப்பு செய்தாயா இல்லையா என்ற விசாரணையே கிடையாது. அனுப்பியவன் கொடுக்க வேண்டும். 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 என்ற செயற்கைக்கோள், அணு உலையோடு, கனடாவின் வட பனிக்காட்டில் சிதறி விழுந்தது. கனடா 60 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே கேட்டது. பேரம் பேசி, 1981-ல் 30 லட்சம் கனடா டாலர் தருவதாக சோவியத் ஒப்புக்கொண்டது. மன்னிப்பு, குற்றம், வெட்கம் எல்லாம் வேறு டிபார்ட்மென்ட். பாக்கியில் பாதி வந்தது.

நாமும் யோக்கியர்கள் இல்லை. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரீன் ஹெட் என்ற ஊர்க் கடற்கரையில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. நத்தையும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு, பார்க்கவே பயங்கரம். அதில் பேரும் போன் நம்பரும் இல்லை. ஊர் முழுக்க வதந்தி. இரண்டு வாரம் கழித்து அந்நாட்டு விண்வெளி ஏஜென்சி சொன்னது, பெரும்பாலும் அது இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காக இருக்கும் என்று. யாருக்கும் காயம் இல்லை. அதாவது, நாம் கை தட்டல் வாங்கிய பையன்.

குற்றமும் கடனும் வேறு வேறு என்பது தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஐ.நா. சபை சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. 1961-தான் அங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது. அதுவரை பல நூறு வருஷமாக ஒரே முறைதான். தோணியில் பாருக்குப் போவார்கள். (கடலடியில் முத்துச்சிப்பி விளைகிற திட்டுக்குப் பார் என்று பெயர். தொலாயிரம் பார் என்று ஒன்று உண்டு. என்ன பெயர் பாருங்கள்!) குளிக்கிறவன் கல்லைப் பிடித்துக்கொண்டு பத்துப் பாகம் ஆழம் வரை இறங்குவான். மூச்சு முட்டுகிற நேரத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே தோணியில் இன்னொருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் ஒரு நொடி அசந்தால் கீழே இருப்பவன் இல்லை.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மச்சான் கையில் என்று சொல்வார்கள். அண்ணன், தம்பி, கூட்டாளி யாரும் வேண்டாம், பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் வேண்டும். ஏனென்றால் கயிறு நழுவினால் அறுவது அவன் அக்கா, தங்கச்சியின் தாலி. மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழிக்கும் இதைத்தான் காரணம் காட்டுவார்கள். எல்லாத் தோணியிலும் எப்போதும் மச்சான்தான் நின்றானா என்று கணக்கெடுத்தால் பொய்யாகப் போகலாம். கதை பொய்யானாலும் அதற்குள் இருக்கும் யோசனை பொய் இல்லை. கயிறு பிடிப்பவனிடம் 'நீ யோக்கியனா' என்று யாரும் கேட்கவில்லை. 'கீழே ஏதாவது ஆனால் உனக்கு என்ன நஷ்டம்' என்றுதான் கேட்டார்கள். நஷ்டத்தில் பங்கு உள்ளவன் கையில்தான் கயிறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுறா வந்துவிடாமல் மந்திரம் ஓதிக் கடலைக் கட்டிவைக்க ஓர் ஆள் இருந்தார். கடல்கட்டி என்று பெயர். அவர் கரையில் இருந்தால்தான் தண்ணீரில் இறங்குவோம் என்று குளிப்பவர்கள் அடம்பிடித்ததால், மந்திரத்தில் துளி நம்பிக்கை இல்லாத வெள்ளைக்கார அரசாங்கமும் அவருக்குப் பங்கு கொடுத்தது. சிரிக்கலாம். ஆனால் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு செலவு உண்டு, அதைக் கீழே இறங்குகிறவன் தலையில் கட்டக் கூடாது, நடத்துகிறவன் கணக்கில் எழுத வேண்டும் என்பதை அந்தக் கடற்கரை எப்படியோ சாதித்துக்கொண்டது.

இப்போது அதே மாவட்டத்தில் பெரிய ராக்கெட் வருகிறது.

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டி முத்தாரம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் போகிற அதே குலசை. அதன் பக்கத்தில் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி கிராமங்களில் 2,000 ஏக்கருக்கு மேல் எடுத்து, இஸ்ரோ தன் இரண்டாவது ஏவுதளத்தைக் கட்டுகிறது. 2024 பிப்ரவரி 28-ம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே அங்கிருந்து ஆர்.ஹெச்.200 என்ற 20 சென்டிமீட்டர் குறுக்களவு ஆராய்ச்சி ராக்கெட் ஒன்றை விட்டுக் காட்டினார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஏவுமேடை வேலைக்குப் பூமி பூஜை போட்டார்கள். எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டுக்காக இந்த இடம். 34 மீட்டர் உயரம், 120 டன். சுமார் 500 கிலோ சரக்கைத் தூக்கும்.

ஏன் குலசை? இங்கேதான் நம் கேள்வி திரும்ப வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட்டின் வழியில் இலங்கை இருக்கிறது. நேராக விட்டால், ஏதாவது தப்பானால், அடுக்கும் துண்டும் இலங்கைக்காரர் வீட்டுக் கூரையில். அதனால் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் வளைந்து தெற்கே திரும்ப வேண்டும். இந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. பி.எஸ்.எல்.வி. தாங்கும், குட்டி ராக்கெட்டுக்கோ அது பெரிய அடி, தூக்குகிற சரக்கே குறைந்துபோகும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அப்படியே இந்தியப் பெருங்கடல். நேராக விடலாம்.

வளைந்து போவதை நான் மெச்சுகிறேன். நம் அதிர்ஷ்டத்தை அடுத்தவன் கூரையில் வைக்கக் கூடாது என்பதற்காக, பணம் கொடுத்து வாங்கிய ஒழுக்கம் அது. குலசை வந்ததும் அந்தச் செலவு மிச்சம். ஆனால் குலசைக்குத் தெற்கே இருக்கிற கடல் காலி மனையா?

மணப்பாடு, பெரியதாழை, ஆலந்தலை, அமலிநகர் என்று வரிசையாக மீனவ ஊர்கள். பரம்பரையாக அந்தக் கடலில்தான் பிழைப்பு. ராக்கெட் விடும் நாளில் ஆபத்து வளையம் போட்டு அங்கே படகு வரக் கூடாது என்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போதெல்லாம் பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதுதான் நடக்கிறது. இதில் இஸ்ரோவைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எண்ணி, சரிபார்த்து, திசை தப்பினால் வானத்திலேயே அழித்துவிடும் ஏற்பாட்டோடு, செருப்புக் கடைக்காரர் கார்லைல் சந்தோஷப்படும்படி எல்லாவற்றையும் செய்கிறார்கள். குற்றக் கணக்கு பூஜ்யம்.

கடன் கணக்கு?

தும்பாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நானும் காட்டுகிறேன். நம் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரம் பக்கத்து மீனவ கிராமமான தும்பாவிலிருந்து போனது. மேரி மகதலேனா தேவாலயம் இருந்த இடம் அது. விக்ரம் சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவிடம் போய்க் கேட்டார், பிஷப் சபையைக் கேட்டார், ஜனங்கள் சம்மதித்து ஊரையே மாற்றிக்கொண்டார்கள். ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் அங்கேதான் ராக்கெட்டுகளைப் பூட்டும் வேலையையும் பாதுகாப்பையும் பார்த்தார். அங்கே ஒருநாள் ரசாயனக் கலவை வெடித்துத் தீப்பிடித்தபோது, சுதாகர் என்ற சக ஊழியர் வெறுங்கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமை வெளியே தள்ளிவிட்டுத்தான் தானும் குதித்தார் என்று கலாமே எழுதியிருக்கிறார். கயிறு பிடித்த மச்சான்!

தும்பாக் கதையில் எல்லோரும் 'கேட்டார்கள், கொடுத்தார்கள்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஒருமுறை நிலம் கொடுப்பது ஒருமுறைச் சம்மதம். கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கும் நாள் அப்படி இல்லை. ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் அது திரும்ப வரும். காற்று திரும்பி, மழை வந்து, ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போகும். 'நாட்டுக்காக ஒருநாள் தொழிலை விடக் கூடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. விடலாம். அன்றைக்கு ஏவுதளத்தில் பொத்தானை அழுத்துகிற என்ஜினீயரும் நாட்டுக்காகத்தான் வேலை செய்கிறார். மாசம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் வருகிறது. அதனால் அவர் தேசபக்தி குறைந்துவிடவில்லை.

இதற்கெல்லாம் சர்க்கார் அகராதியில் 'நிவாரணம்' என்று ஒரு வார்த்தை தயாராக இருக்கும். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நிவாரணம் புயலுக்குக் கொடுப்பது. எதிர்பாராமல் நடந்த துன்பத்துக்கு, கருணையோடு, மனு வாங்கிக்கொண்டு கொடுப்பது. ஏவுதல் நாளில் படகு கரையில் நிற்பது எதிர்பாராத துன்பம் இல்லை. திட்டத்திலேயே இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. எரிபொருளுக்கு எவ்வளவு, கப்பலில் வரும் உதிரிபாகத்துக்கு எவ்வளவு என்று எழுதுகிற அதே பட்டியலில், கடலைக் காலி செய்து கொடுத்தவர்களுக்கு எவ்வளவு என்றும் ஒரு வரி எழுதலாம். வளைந்து போகாமல் மிச்சம் பிடித்த பணத்திலிருந்தே எழுதலாம். மனு, சிபாரிசு, வரிசை ஒன்றும் வேண்டாம். குலசையிலிருந்து பெரியதாழை வரை எந்தப் படகு யாருடையது என்பது தெரியாத ரகசியமா? ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் பெயின்டில் பதிவு எண் எழுதியிருக்கிறது. மீன்வளத் துறையின் ரிஜிஸ்டரில் அந்த எண்ணுக்கு நேரே சொந்தக்காரர் பெயரும் இருக்கிறது.